சத்தம் போட்ட பேரிங், சத்தமில்லாத பிரேக்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்ட விஷயம் இது. கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள்.

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். புனேயில் இருபது வருடமாக நம் ஆட்கள் கடைகளுக்குத் தேங்காய், வாழை இலை, வெல்லம், இட்லி அரிசி எல்லாம் சப்ளை செய்கிறார். சொத்து என்று சொன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டிதான். அந்த வண்டி ஓடினால் வீட்டில் அடுப்பு எரியும், பையனுக்கு காலேஜ் ஃபீஸ் போகும். இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, "கோல்ஹாப்பூர் போயி வெல்லம் ஏத்திட்டு வரணும், கூட வாரியளா தம்பி?" என்றார். எனக்கும் லீவு பாக்கி இருந்தது. கிளம்பிவிட்டேன்.

போகும்போதே முன்பக்க இடது சக்கரத்தில் ஒரு உறுமல். அறுபதுக்கு மேல் போனால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ராகம். அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. "பேரிங் தம்பி. மூணு மாசத்துல ரெண்டு தடவ மாத்தியாச்சு. இப்ப வாரதெல்லாம் சரக்கு சரியில்ல" என்றார். நானும் தலையாட்டினேன். (நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது கீபோர்டில்.)

திரும்பி வரும்போது வண்டி நிறைய வெல்லம். கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றியிருந்தார். காத்ரஜ் சுரங்கப்பாதையைத் தாண்டினால் நவலே பாலம் வரைக்கும் நீண்ட இறக்கம். புனேக்காரர்களுக்கு அந்த இடம் தெரியும். 2022 நவம்பர் 20 இரவு அந்தச் சரிவில் ஒரு லாரி கட்டுப்பாடில்லாமல் வந்து 48 வண்டிகள் சேதமான இடம். அங்கே எங்கள் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கருகின வாசனை. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தார். இன்னும் உள்ளே போனது.

அவர் பதறவில்லை. மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். பத்து வினாடிகூட இருக்காது. இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்தின் நடுவில் மெல்லிய புகை. பாட்டில் தண்ணீரை நாலு சொட்டு தெளித்தேன். தோசைக் கல்லில் தெளித்தது மாதிரி 'சொய்ங்'. அண்ணாச்சி நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, "ஒங்க மதினிகிட்ட சொல்லிராதீய" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த ஒரு சக்கரத்துக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். சக்கரத்தை ஓட விடுகிற பேரிங் ஒன்று, ஓட விடாமல் நிறுத்துகிற பிரேக் ஒன்று. இரண்டும் ஒரே ஹப்பில், விரல்கடை தூரத்தில். ஒன்று கெட்டால் இன்னொன்றையும் கெடுக்கும். எது முதலில் கெட்டது? இந்தக் கேள்வியோடு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன்தான், இரண்டாயிரம் வருடம் பின்னால் போய்விட்டேன். வாருங்கள், உங்களையும் கூட்டிப் போகிறேன்.

ஓட விட்டவர்கள்

எங்கள் தாத்தா வீட்டில் கட்டை வண்டி இருந்தது. சக்கரத்தின் நடுவில் குடம், அதற்குள் இரும்பு அச்சு, கழன்று போகாமலிருக்கக் கடையாணி. குடமும் அச்சும் உரசிக்கொண்டே சுற்றும். உரசலைக் குறைக்க, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. மை காய்ந்தால் வண்டி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். அந்தக் குடம்தான் இன்றைக்கு ஹப். வண்டி மைதான் கிரீஸ். கடையாணியின் பேரன்தான் ஹப் நட்டில் குத்தி வளைக்கிற ஸ்பிளிட் பின்.

உரசுவதற்குப் பதிலாக உருள வைத்தால் என்ன என்ற யோசனை ரொம்பப் பழசு. இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் நெமி என்றொரு ஏரி. கி.பி. முதல் நூற்றாண்டில் கலிகுலா மன்னன் காலத்துக் கப்பல்கள் இரண்டு அதன் அடியில் கிடந்தன. 1929 முதல் 1932 வரை ஏரித் தண்ணீரை இறைத்து அவற்றை வெளியே எடுத்தபோது, சுழலும் மேடை ஒன்றின் அடியில் இருந்த உலோக உருண்டைகளும் கிடைத்தன. அதாவது பால் பேரிங்கின் தாத்தா. கப்பல்கள் 1944-ல் போரின்போது எரிந்து போயின.

வண்டிச் சக்கரத்துக்கு இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தனில் இரும்புப் பட்டறை நடத்திய ஃபிலிப் வாகன். 1794-ல் குதிரை வண்டி அச்சில் பள்ளம் போட்டு, அதில் உருண்டைகளை ஓடவிட்டுக் காப்புரிமை வாங்கினார். யோசனை சரி. ஆனால் எல்லா உருண்டையும் ஒரே அளவில் இருந்தால்தானே சுமை பங்கு பிரியும்? ஒன்று பெரிதாக இருந்தால் அதுவே மொத்தச் சுமையையும் தாங்கி முதலில் உடையும். கையால் தேய்த்து அத்தனை உருண்டையையும் ஒரே அளவாக்குவது நடக்கிற காரியமில்லை.

அடுத்த தள்ளு சைக்கிளிலிருந்து வந்தது. 1869-ல் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே சைக்கிளுக்குப் பால் பேரிங் செய்தார். அதே வருடம் நவம்பரில் நடந்த பாரிஸ் - ரூவான் பந்தயத்தில், பால் பேரிங் வைத்த சைக்கிளில் போன ஜேம்ஸ் மூர் ஜெயித்தார். அளவுப் பிரச்சினையைத் தீர்த்தவர் ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் ஊர் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர். 1883-ல் உருண்டைகளை மொத்தமாக ஒரே அளவில் தேய்க்கும் இயந்திரம் செய்தார். அதிலிருந்து அந்தச் சின்ன ஊர் பேரிங் ஊராகவே ஆகிவிட்டது. இந்த ஊர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நம்ம பிக்கப்புக்கு வருவோம். சக்கரத்தின் மேல் இரண்டு விதமான சுமை இருக்கிறது. வண்டியின் எடை மேலிருந்து அழுத்துகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தக் காலத்துப் பால் பேரிங் முதல் சுமையைத் தாங்கும், இரண்டாவதில் தடுமாறும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் இதற்கு ஒரு வழி கண்டார். உருண்டைக்குப் பதில் உருளை. அதுவும் ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்த உருளை, சாய்வாக அடுக்கியது. 1898-ல் காப்புரிமை, 1899-ல் கம்பெனி. இதுதான் டேப்பர் ரோலர் பேரிங். இரண்டு பேரிங்கை எதிரும் புதிருமாக ஒரே ஹப்பில் வைத்து, நட்டைத் திருகி வேண்டிய அளவு இறுக்கிக்கொள்ளலாம். மேலிருந்து வரும் சுமை, பக்கத்திலிருந்து வரும் சுமை இரண்டையும் தாங்கும்.

ஃபோர்டு கம்பெனி 1925-ல் மாடல் டி காரின் பின்னால் சரக்குப் பெட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே செய்த பிக்கப்பை 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. பிக்கப் வம்சத்துக்குத் தாத்தா அதுதான். ஆரம்பகால மாடல் டி-யின் முன் சக்கரங்களில் இருந்தது பால் பேரிங். பிற்பாடு டேப்பர் ரோலருக்கு மாறினார்கள். நூறு வருடம் கழித்து அண்ணாச்சி வண்டியின் முன் ஹப்பைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் அதே டேப்பர் ரோலர்தான். சாய்வு, கூண்டு, நட்டு எல்லாம் டிம்கன் கையெழுத்து.

நிறுத்தியவர்கள்

சக்கரம் லேசாக ஓட ஓட, நிறுத்துவது கஷ்டமாகிக்கொண்டே போகும். இது நம் ஊர்த் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இழுக்க ஆயிரம் பேர், நிறுத்துவதற்குச் சக்கரத்துக்கு ஒரு ஆள். கையில் முட்டுக்கட்டை. தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து சக்கரத்தடியில் கட்டையைப் போட்டு எடுக்க வேண்டும். தப்பினால் கால் போகும். ஒருவர் காரியத்துக்கு 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று இன்றைக்குத் திட்டுகிறோம். தேரடியில் அது உயிர் காக்கிற வேலை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை.

முதல் மோட்டார் வண்டிகளிலும் பிரேக் என்றால் மரக்கட்டைதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு அவர் செய்த காரை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்து போனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டையின் மேல் தோல் அடித்துக்கொண்டார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள். காத்ரஜ் இறக்கத்தில் எங்களுக்கு வந்த அதே பிரச்சினை, கார் பிறந்த இரண்டாம் வருடமே வந்துவிட்டது பாருங்கள்.

இங்கிலாந்தில் டெர்பிஷைர் மலைப்பக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்றொருவர். இறக்கத்தில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைப் பிரேக் கட்டையில் வைத்து அழுத்துவதைப் பார்த்து, 1897-ல் லைனிங் செய்யும் தொழில் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயர் அவருடைய பெயரின் எழுத்துகளிலிருந்து வந்தது. 1908 வாக்கில் சூடு தாங்குவதற்காக அஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். அது சூட்டைத் தாங்கியது, ஆனால் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் தாங்கவில்லை. பழைய வண்டியின் டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

1902-ல் பிரான்ஸில் லூயி ரெனோ உள்ளே ஷூ விரியும் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அதே வருடம் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். செம்புப் பட்டைகள் வைத்ததால் காது கிழிகிற கிறீச். அந்த யோசனை அரை நூற்றாண்டு தூங்கி, 1953-ல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் வைத்த ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடல் டி பிக்கப்பில் பிரேக் எங்கே இருந்தது தெரியுமா? பெடல் பிரேக் கியர் பெட்டிக்குள். கை லீவர் பிரேக் பின் சக்கரத்தில். முன் சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. கம்பியும் கயிறும் வைத்து நாலு சக்கரத்தையும் ஒரே அழுத்தத்தில் பிடிப்பது பெரிய தலைவலி. ஒன்று இறுகும், ஒன்று தளரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இதைத் தீர்த்தவர் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனி தொடங்கிய ஆலன் லாக்ஹீட்டின் அண்ணன். குழாயில் திரவத்தை அடைத்து அழுத்தினால் எல்லா முனையிலும் ஒரே அழுத்தம் வரும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி. அதை அவர் பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921-ல் டூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. ஆரம்பத்தில் தோல் வாஷர்கள் ஒழுகின. 1924-ல் க்ரைஸ்லர்காரர்கள் ரப்பருக்கு மாற்றினார்கள். ஹென்றி ஃபோர்டு மட்டும் பிடிவாதமாகக் கம்பியோடு இருந்து, 1939 மாடலில்தான் ஹைட்ராலிக்குக்கு வந்தார்.

ஹைட்ராலிக் வந்ததோடு இரண்டு புது விருந்தாளிகளும் வந்தார்கள். ஒன்று பிரேக் ஆயில். இன்னொன்று, ஸ்டியரிங் திரும்பும்போது கூடவே வளைவதற்காக முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இந்த இரண்டாவது விருந்தாளியை யாரும் கண்டுகொள்வதில்லை. கதையில் இவர் முக்கியம்.

டிஸ்க் வந்தபோது இன்னொன்றும் நடந்தது. முன்பு கட்டை வண்டியில் பிரேக் கட்டை சக்கரத்தின் வெளி விளிம்பைப் பிடித்தது, அச்சு நடுவில் ஜில்லென்று இருந்தது. டிரம் வந்தபோது நெருப்பு ஹப்புக்குப் பக்கத்தில் வந்தது. பல பிக்கப்புகளில் டிஸ்க்கை ஹப்பின் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பிரேக்கில் பிறக்கிற சூடு நேராகப் பேரிங் கிரீஸுக்கு வருகிறது. பழைய சுண்ணாம்பு சோப் கிரீஸ் நூறு டிகிரி பக்கம் போனாலே உருகி ஓடிவிடும். அதனால்தான் 1942-ல் கிளாரன்ஸ் எர்ல் காப்புரிமை வாங்கிய லித்தியம் கிரீஸ் இத்தனை பெரிய விஷயமானது. அது 180 டிகிரி அளவுக்குத்தான் உருக ஆரம்பிக்கும். அதற்கும் மேலே போனால் அதுவும் தண்ணீர்தான்.

குண்டு போட்ட கதை

இந்தச் சின்ன வளையத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று உலகத்துக்குப் புரிந்தது இரண்டாம் உலகப் போரில். ஷ்வைன்ஃபுர்ட் ஞாபகம் இருக்கிறதல்லவா? பேரிங் இல்லாவிட்டால் ஜெர்மனியில் டாங்கியும் ஓடாது, விமானமும் பறக்காது என்று கணக்குப் போட்டு அமெரிக்கர்கள் அந்த ஊரைக் குறிவைத்தார்கள். 1943 ஆகஸ்ட் 17-ல் ரீகன்ஸ்பர்க்கையும் சேர்த்துத் தாக்கியதில் 60 குண்டுவீச்சு விமானங்கள் போயின. அக்டோபர் 14-ல் மறுபடி போனார்கள், இன்னொரு 60 போயின. ஒவ்வொன்றிலும் பத்து இளைஞர்கள். ஜெர்மனி கையிருப்பைப் பங்கிட்டு, ஆலைகளை ஊர் ஊராகப் பிரித்து வைத்துச் சமாளித்தது. அதே காலத்தில் பிரிட்டனோ ஸ்வீடனிலிருந்து மொஸ்கிட்டோ விமானங்களில் பேரிங்கை ராத்திரியில் ஏற்றிக்கொண்டு வந்தது.

ஸ்வீடன் பேரிங்கின் கதையும் அழகு. கோத்தன்பர்க் நகரத்தில் களிமண் பூமி. துணி ஆலையில் தரை இறங்கி இறங்கித் தண்டுகள் கோணலாகி, பேரிங் போய்க்கொண்டே இருந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்வென் விங்க்விஸ்ட், கோணலுக்குத் தக்கபடி தானே திரும்பிக்கொள்ளும் பேரிங்கை 1907-ல் செய்தார். அதுதான் எஸ்.கே.எஃப். அவர்கள் ஆரம்பித்த துணை நிறுவனம்தான் 1927-ல் முதல் காரை வெளியிட்ட வோல்வோ. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'நான் உருள்கிறேன்' என்று பொருள்.

சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், 1946-ல் ஜெய்ப்பூரில் நம் நாட்டின் பேரிங் தொழில் வேர் பிடித்தது. அறுபதுகளில் எஸ்.கே.எஃப். இதோ எங்கள் பக்கத்துச் சிஞ்ச்வட்டுக்கு வந்தது. 1992-ல் ஜாம்ஷெட்பூரில் டாடாவோடு சேர்ந்து டிம்கன் டேப்பர் ரோலர் செய்ய ஆரம்பித்தது. பிரேக் வேறு திசையில் வளர்ந்தது. 1962-ல் சென்னைப் பாடியில் டி.வி.எஸ். குடும்பம் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. 1964-ல் ரானே பிரேக் லைனிங். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஓடிய பல வண்டிகளின் சக்கரத்தில், ஓட விட்டவர் வடக்கத்திக்காரராகவும் நிறுத்தியவர் பாடிக்காரராகவும் இருந்திருப்பார்கள். ஒரே ஹப்பில் ஒண்டுக் குடித்தனம். நம்மை மாதிரிதான்.

குற்றவாளி யார்?

சரி, அண்ணாச்சி வண்டிக்கு வருவோம். மறுநாள் பழைய உஸ்தாத் ஒருவரிடம் இழுத்துப் போனோம். மராட்டியர், எழுபது வயதிருக்கும். நான் படித்ததெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "போன தடவை பேரிங் மாற்றினபோது வண்டி சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா?" காலையில் கொண்டுபோய் விட்டோம், ஆறித்தான் இருந்தது என்றார் அண்ணாச்சி. உஸ்தாத் சிரித்தார்.

முதலில் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடலொடத்தது. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்றது. அப்படியானால் ஆட்டம் பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட் மாதிரி வேறிடம். ஆகப் பேரிங் கெட்டது உண்மை. பழைய பேரிங்கை எடுத்துப் பார்த்தால் உருளைகள் நீலம் பூத்திருந்தன. மட்டமான சரக்கு பொரிந்து உதிரும், சூடு கண்ட சரக்குதான் நீலமாகும் என்றார். கிரீஸ் கருகித் தார் மாதிரி இருந்தது.

புதுப் பேரிங்கைப் போட்டார். டேப்பர் ரோலரை எப்போதும் முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் உட்கார்ந்ததும் தளர்த்தி, மறுபடி விரல் பலத்துக்கு இறுக்கி, மயிரிழை விளையாட்டு விட்டுப் புது ஸ்பிளிட் பின் குத்தினார். அதோடு முடித்து அனுப்பியிருந்தால் நாலாவது பேரிங்குக்கும் வேலை வந்திருக்கும்.

அவர் அனுப்பவில்லை. தட்டையான காலி ரோட்டில், கியர் இறக்கித் தயாராக, மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் போட்டு, சுடச்சுட ஜாக்கி ஏற்றினார். புறங்கையை ஹப் பக்கம் கொண்டுபோனார். வலது வெதுவெதுப்பு. இடது கிட்டேயே போக முடியவில்லை. காலை எடுத்த பிறகும் இடது சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. பிரேக் பிடித்தே இருக்கிறது! பிறகு ஹோஸுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் குழாய் ஜாயிண்டைச் சற்றே தளர்த்தினார். சக்கரம் விடவில்லை. அதை மூடிவிட்டு, காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்தார். பீய்ச்சி அடித்தது ஆயில். சக்கரம் விட்டுவிட்டது.

புரிகிறதா? அழுத்தம் சிக்கியிருந்தது இரண்டுக்கும் நடுவில், அந்த முழ நீள ரப்பர் ஹோஸில். வெளியே பார்க்கப் புத்தம்புதுசு மாதிரி. உள்ளே வீங்கி அடைத்திருந்தது. மிதிக்கும்போது முழு பலத்தில் ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பாதி பிடித்தபடியே வண்டி ஓடும். சூடு ஏறும், கிரீஸ் உருகும், பேரிங் கத்தும். ராத்திரி முழுக்க நின்றால் அழுத்தம் மெல்லக் கசிந்து, காலையில் சக்கரம் சாதுவாகச் சுற்றும். ஆறின வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேரிங்கைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள். பேரிங் சத்தம் போட்டது, அவ்வளவுதான். தப்பு செய்தவன் சத்தமே போடவில்லை.

பெடல் பஞ்சானதற்கும் அதே சூடுதான் காரணம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கும். டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கலாம், அது பிரேக்கை அமுக்காது. அண்ணாச்சி அந்த ஆயிலை மாற்றி எத்தனை வருடம் என்று அவருக்கே ஞாபகமில்லை. போதாததற்கு அளவுக்கு மீறின வெல்லம். மயில் தோகையே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். நாம் கேட்டால்தானே!

இரண்டு பக்கமும் புது ஹோஸ், புது ஆயில், புது கிரீஸ் சீல். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. அந்த ராகம் அதற்குப் பிறகு வரவில்லை.

இதைப் படிக்கிற நம் மக்களில் நிறைய பேர் பழைய வண்டியில் குடும்பத்தோடு கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள். உங்களுக்காக நாலு வரி. உறுமல் வலது பக்கம் திரும்பும்போது கூடினால் பெரும்பாலும் இடது பேரிங், இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகம் சூடானால் பிரேக்கைச் சந்தேகியுங்கள். கெட்ட பேரிங்கும் சுடும், எனவே இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றுங்கள். இறக்கத்தில் கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் வேண்டவே வேண்டாம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் வாக்யூம் உதவியும் நின்றுவிடும்.

கலிகுலா கப்பலிலிருந்து சிஞ்ச்வட் வரை இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த சக்கரம் அது. கடைசியில் நாலு பேர் உயிர், பத்து நிமிடம் நின்று புறங்கை வைத்துப் பார்க்கிற ஒரு கிழவர் கையில் இருக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

பி.கு.: மதினிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வெல்லம் இறக்கும்போது அண்ணாச்சியே உளறிவிட்டாராம். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.